ஒப்புப் போடும் வேலைக்கு என்னை அனுப்பியவன்

ஜஸ்டின் போய்விட்டான் என்று அவன் மனைவி லீலா போனில் சொன்னபோது, நான் திருவனந்தபுரம் ஹேங்கரில் ஒரு விமானத்தின் சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவன், சட்டையைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்தானாம். வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்து, எடுத்த கருவிகளை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் நம்ம ஊர் குன்னத்துகாலுக்குக் கிளம்பினேன். எண்ணாமல் போயிருந்தால் சவப்பெட்டிக்குள் இருந்தே திட்டியிருப்பான்.

அவனைப் பட்டாளத்து ஜஸ்டினாக அறிந்த உங்களில் பலருக்கு, என்னைப் பட்டாளத்துக்குப் போகவிடாமல் செய்தவனும் அவன்தான் என்பது தெரியாது. பத்தொன்பது வயதில் எங்கள் இருவர் கையிலும் இரண்டிரண்டு கடிதங்கள். ஒன்று விமானப்படையின் மெக்கானிக் பயிற்சிக்கு. மற்றது பயணிகள் விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் அப்ரண்டிஸாகச் சேர. எனக்கு யூனிஃபார்மின் மேல் கொள்ளை ஆசை. பாறசாலை ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு சாயந்திரம் முழுக்க உட்கார்ந்து பேசினோம்.

"எலே மணி, பட்டாளத்துல ஒரு தடவ பேப்பருல ஒப்பு போட்டா இருவது வருசம். ஒனக்க வேலைய மேல ஒருத்தன் நின்னு பாப்பான். இங்க லைசென்ஸ் கிட்டினா நீ ஒப்பு போட்டாத்தான் பிளேன் பறக்கும். ஒனக்கு கோவம் வரும், கள்ளம் வராது. நீ இங்க நில்லு மக்கா."

"அப்போ நீ?"

"எனக்கு மேல ஆளு வேணும். இல்லேன்னா நான் வேல செய்யாத பெரிய மடியனாக்கும்."

அவன் பேச்சைக் கேட்டேன். கேட்டுவிட்டு வெகுகாலம் பொருமினேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு அவன் வந்தால் சாயாக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். என்னை "ஏர்போர்ட்டுல என்னமோ வேல" என்பார்கள். நல்லதைத் தான் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்குத் தள்ளிவிட்டான் என்றே நினைத்தேன்.

இருபது வருடம் முடித்து அவன் எங்கள் ஹேங்கருக்கே டெக்னீஷியனாக வந்தான். லைசென்ஸும் ஒப்பும் என்னிடம். ஒருநாள் மத்தியானம், என்ஜின் மூடியை மூடி, கருவிகள் எல்லாம் சரி என்று நான் ஒப்பும் போட்டாயிற்று. பயணிகள் காத்திருந்தார்கள். கருவிப் பலகையின் முன்னால் நின்ற ஜஸ்டின், "ஒரு சின்ன டார்ச்சக் காணல்ல" என்றான்.

"கேன்டீன்ல கெடக்கும்!" என்று கத்தினேன்.

"கெடந்தா கெடக்கட்டும். என்ஜினுக்குள்ள கெடந்தா? கண்ணால காணாம விடப்படாது."

மூடியைத் திறக்க வைத்தான். முக்கால் மணி நேரம் தேடினோம். தண்ணீர் குடிக்க என் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்த டப்பாவுக்குப் பக்கத்தில் டார்ச் சுகமாகப் படுத்திருந்தது.

அருகில் அவனைத் தவிர யாருமில்லை. பலகைக்கு அடியில் கிடந்தது என்று சொன்னால் தீர்ந்தது. உண்மையைச் சொன்னால் லைசென்ஸே போகலாம்; வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பேனாவை நீட்டினான். பதிவேட்டில் 'என் பையில் இருந்தது' என்று எழுதி ஒப்புப் போட்டேன். ஒரு மாதம் ஒப்புப் போடக் கூடாது என்றார்கள், அவ்வளவுதான்.

அன்று பஸ்ஸில் நெய்யாற்றின்கரை தாண்டியதும் கேட்டான்: "ஒனக்கு கள்ளம் வராதுன்னு ஸ்டேஷன்ல வச்சு நான் சொன்னது தப்பா மக்கா?" என் பொருமல் அன்றோடு போயிற்று. பிறகு இந்த வேலையைச் சந்தோஷமாகவே செய்துவருகிறேன்.

அவன் வீட்டு ஷெட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுவரில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயின்டால் வரைந்து, அதன் மேலேயே மாட்டியிருப்பான். ஹேங்கர் வழக்கம். மண்வெட்டி இரவல் கேட்டுப் போனாலும், உங்கள் பெயரெழுதிய தகரத்துண்டை அந்த இடத்தில் தொங்கவிட்டால்தான் தருவான். கேலி செய்யாதவர் யார்? ஆனாலும் எல்லோரும் தொங்கவிட்டோம்.

அடக்கம் முடிந்த மறுநாள், பைக்குக்காக வாங்கிப்போன ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சுவரில் அதன் இடத்தில் 'மணி' என்ற தகரம் தொங்கியது. கழற்றக் கையை நீட்டினேன்.

"கழத்தண்டாம் அண்ணா," என்றாள் லீலா. "ஸ்பேனரு உங்க கையில இருக்கட்டும்."

அவன் ஸ்பேனர் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. அவன் சுவரில் என் பெயர் இருக்கிறது. அவன் எப்போது வந்து எண்ணினாலும் சரியாக இருக்கும்.