பூட்டுக்காரரின் கைநடுக்கம்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன். சாவியைத் தொலைத்தவர்கள், உள்ளே மறந்துவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், கோபத்தில் சாவியை ஜன்னல் வழியே வீசிவிட்டுப் பிறகு முழித்தவர்கள் என்று பாதித் தெரு அவர் கையால் வீட்டுக்குள் போயிருக்கிறது. இப்போது அந்தக் கைதான் அவருக்குப் பெரிய பயம்.

குடி அவரிடம் நன்றியாகத்தான் வந்து சேர்ந்தது. திறந்துவிட்ட வீட்டுக்காரர்கள், "உக்காருங்கண்ணே" என்று ஊற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில், திறந்த பிறகு குடித்தவர் திறப்பதற்கு முன்பே குடிக்க ஆரம்பித்தார். இரண்டு மடக்கு உள்ளே போனால்தான் விரல் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது அவர் கணக்கு.

சலவைக்கடையில் இஸ்திரி போடும் மனைவி, வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிப் பார்த்தாள். பூட்டுக்காரனைப் பூட்டிவைத்த கூத்தைக் கேட்டுத் தெருவே சிரித்தது. அவர் திறந்துகொண்டு போவார், குடிப்பார், யோக்கியமாகத் திரும்பிவந்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். வெளியே பூட்டிவிட்டு உள்ளே போய் இருக்கும் வித்தை மட்டும் அவருக்குக் கைவரவில்லை.

"இப்படித் தினம் மாட்டிக்க வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"நீ வாங்குற பூட்டு சரியில்ல."

கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, உடம்பைத் தேற்றி அனுப்பினார்கள். மறுபடி குடித்தால் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள் மனைவி. கத்தியிருந்தால் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். யாருடைய சட்டைக் காலரையோ தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

அதற்குப் பிறகு வாராவாரம் ஆலோசகரிடம் போனார். சிபிடி என்று அதற்குப் பெயர். குடிக்கத் தோன்றும்போது மனசு என்ன சொல்கிறது என்று கவனித்து, அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கிற வைத்தியம்.

"கடைப்பக்கம் போகும்போது உள்ள என்ன ஓடும் சார்?" என்று கேட்டார் ஆலோசகர்.

"ஒண்ணும் ஓடாது மேடம். காலு தானா போகும்."

"காலுக்கு யார் சொல்றது?"

அவர் நாற்காலியில் நெளிந்தார். "குடிக்கலேன்னா கை நடுங்கும், நடுங்கினா பூட்டு திறக்காதுன்னு தோணும்."

"நடுங்கும்கிறது ஒண்ணு. திறக்காதுங்கிறது வேற. குடிக்காம திறந்து பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு வம்பு?"

"அடுத்த வேலைக்கு அப்படியே போய்ப் பாருங்க. என்ன ஆகுதுன்னு வந்து சொல்லுங்க."

வேலைக்கு யாரும் கூப்பிடக் கூடாதென்று சாவி அண்ணன் அன்றே போனை அணைத்துவைத்தார். சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். குழாயை இறுக்கினார், இறுக்கிய குழாயைத் திரும்ப இறுக்கினார். விடுமுறையில் வீட்டிலிருந்த மனைவிக்குத் தலை சுற்றியது. அவர் போன் கிடைக்காமல் அவள் போனுக்கே கூப்பிட்டாள் பக்கத்துத் தெரு நர்ஸ். அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, கதவு சாத்திக்கொண்டது, சாவி உள்ளே.

மனைவி கருவிப்பையைத் தோளில் மாட்டினாள்.

"நீ எதுக்கு?"

"பை தூக்க."

முனையில் மதுக்கடை திறந்திருந்தது. அவர் நின்றார். ஒரே ஒரு மடக்கு, மருந்து மாதிரி, அந்தப் பொண்ணு வீடு பத்திக்கிச்சுன்னா உன்னாலதான் என்று உள்ளே ஒருத்தன் நியாயம் பேசினான்.

"கை நடுங்கும்னு சொல்லுது," என்றார் சத்தமாக.

"நடுங்கட்டும். நடங்க."

மாடியில் பருப்பு கருகும் வாசனை வந்துவிட்டது. நர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எதிர்வீட்டுக்காரர் சுத்தியலோடு வந்து, "உடைச்சிடலாமாண்ணே?" என்றார்.

அவர் மண்டியிட்டார். கை நடுங்கத்தான் செய்தது. பூட்டுத் திறக்கும் கம்பி நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. முழங்கையைக் கதவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, நடுங்கும் விரலாலேயே பூட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பின்களை ஒவ்வொன்றாகத் தடவி ஏற்றினார். வியர்வை கண்ணில் இறங்கியது. கதவு திறந்தது.

நர்ஸ் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். புகையோடு, சாவியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "தெய்வம்ணே நீங்க!"

அப்போதுதான் நிஜமாகவே தொண்டை வறண்டது. ஜெயிச்சிட்டே, இனி ஒண்ணு போட்டா யார் கேக்கப்போறா என்றான் உள்ளே இருந்த அதே ஆசாமி, இப்போது தோளில் கைபோட்டுக்கொண்டு. மாடிப்படி கீழே போனது. கீழே தெரு, தெருமுனையில் கடை. ஆசை ஏறும், தாக்குப்பிடிச்சா இறங்கும் என்று சொல்லியிருந்தார் ஆலோசகர். எதைப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடிப்பது?

"கதவைச் சாத்தும்மா," என்றார் நர்ஸிடம்.

"என்னண்ணே?"

"சாத்து. மறுபடி திறக்கணும்."

"இப்பதானே திறந்தீங்க!"

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் போய் வழியை அடைத்தாற்போல் உட்கார்ந்தாள். "சாத்தும்மா. காரணமெல்லாம் அப்புறம் சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது. அவர் திறந்தார். "சாத்து." திறந்தார். எதிர்வீட்டுக்காரர் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நழுவினார். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, தொண்டை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முதலில் கத்திய ஆசை இப்போது முனகியது.

"எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சுக்கா," என்றாள் நர்ஸ் பரிதாபமாக.

"நீ கிளம்பும்மா," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள் மனைவி. "மீதிக்கு எங்க வீட்டுக் கதவு இருக்கு."