பரிசோதித்தவர் என் சித்தி

யார் எந்தக் குறையைச் சொன்னாலும் சித்தி முதலில் கேட்பது ஒன்றுதான்: "எப்போலேர்ந்து?" அம்மாவுக்குத் தலைவலி என்றாலும், மிக்ஸியில் கருகல் வாடை என்றாலும், பக்கத்து வீட்டுக்காரர் மனைவியோடு பேசுவதில்லை என்றாலும் அதே கேள்வி. "ரொம்ப நாளா" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தேதி வேண்டும். தேதி தெரியாவிட்டால் மாதமாவது வேண்டும். அதுவரை அனுதாபம் கிடையாது.

சித்தி லிஃப்ட் மெக்கானிக். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் தரை துடைக்கப் போனவள். பழுது பார்க்க வருகிறவர்களுக்கு டார்ச் பிடித்தாள். ஆறு வருடத்தில் டார்ச்சை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். கம்பெனியில் அவளுக்கு 'ஸ்பேனர் அக்கா' என்று பெயர். ஆள் குள்ளம். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை செய்ய அதுதான் வசதி என்பாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிறதுதான் என் வேலை" என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அம்மாவின் தையல் மெஷினும் கடைக்குத் தைத்துத் தர வேண்டிய பள்ளிச் சீருடைகளும். மற்றதில் நானும் சித்தியும் அவளுடைய கிரீஸ் வாசனையும்.

நான் பள்ளியை முடித்தபோது என் சராசரி அறுபத்தொன்று. நான் படிக்க விரும்பியது வரலாறு. அதுவும் ஓரிடத்துக்கு முப்பது பேர் மோதும் பல்கலைக்கழகத்தில். எண்பதுக்குக் கீழே இருப்பவர்கள் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு வைக்கலாம். பிடித்திருந்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். வேறெங்கும் நான் விண்ணப்பிக்கவில்லை. அது துணிச்சலா, முட்டாள்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இடம் கிடைக்காவிட்டால் சீருடைக் கடையில் பில் போடும் வேலை தயாராக இருந்தது. அம்மா கடைக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

நான்கு நாள் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். சித்தி வாங்கிப் படித்தாள்.

"'சிறு வயது முதலே அறிவின் மீது தணியாத தாகம் கொண்ட நான்'... யாருடி இது? நம்ம வீட்லயா இருக்கா?"

"எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க சித்தி."

"தாகம் இருந்தவ பதினொண்ணாவதுல எண்பத்தொண்ணுலேர்ந்து அம்பத்தி நாலுக்கு ஏன் இறங்கினா? அதைத்தானே அவங்க கேப்பாங்க."

"அந்த வருஷம்தானே நீ காலை உடைச்சிக்கிட்ட? நான்தானே ஆஸ்பத்திரியில கூட இருந்தேன்? அதை எழுதிடவா?"

"என் கால் மேல பழியைப் போடாத. கால் உடைஞ்சது டிசம்பர். நீ கோட்டை விட்டது ஆகஸ்ட்."

அவள் தன் பையிலிருந்து கம்பெனியின் பழுது அறிக்கைப் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளை அடியில் செருகி, கட்டம் கட்டமாக நிரப்பத் தொடங்கினாள். விளையாட்டுக்கு என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளன்று கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. நான் அம்மாவுக்குத் துணையாகப் போக வேண்டியிருந்தது. சித்திக்கு அன்று பல்கலைக்கழகம் பக்கம் வேலை. உறையை அவளிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் வந்து, கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "உன் பேப்பர்ல கையெழுத்தே இல்லையேடி. பரிசோதிச்சவங்க கையெழுத்து இல்லாத அறிக்கையை எங்க இடத்துல குப்பையில போடுவாங்க. அதான் அதை எடுத்துட்டு நம்ம ஷீட்டை வெச்சிட்டேன்."

நான் ஓவென்று அழுதேன். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க? பிள்ளை நாலு நாளா தூங்காம எழுதினது!"

"அக்கா, அதுல எழுதினது இவளைப் பத்தியே இல்லக்கா."

இரண்டு வாரம் நான் சித்தியோடு பேசவில்லை. கார்பன் நகலை மட்டும் அவள் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பேன். *பழுது: மதிப்பெண் இறக்கம், 81-லிருந்து 54. தொடங்கியது: ஆகஸ்ட். காரணம்: தெரியவில்லை. செய்த வேலை: காலை ஐந்து மணிப் படிப்பு, தினமும் நூலகம். நிலை: ஓடுகிறது, ஏறுகிறது, சத்தம் உண்டு.* அடுத்த வரி: *பழுது: கணக்கு. தொடங்கியது: பிறப்பிலிருந்து. உதிரிபாகம் கிடைக்கவில்லை.* கீழே 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து, பணியாளர் எண், கம்பெனி முத்திரை.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. நேர்காணலுக்கு வரவும்; பரிசோதித்தவரையும் அழைத்து வரவும்.

சித்தி சலவை செய்த நீலச் சீருடையில் வந்தாள். உள்ளே மூன்று பேர். நடுவில், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த பேராசிரியை. எங்கள் தாள் அவர் முன்னால் இருந்தது.

"நீங்க உளவியல் நிபுணரா?" என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டார்.

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "'காரணம்: தெரியவில்லை'ன்னு போட்டிருக்கீங்க. உடம்பு சரியில்லை, வீட்ல கஷ்டம்னு ஏதாவது எழுதியிருக்கலாமே? முந்நூறு பேர் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"தெரியாததை எழுதக் கூடாது மேடம். தப்பான காரணத்தைப் போட்டா அடுத்து வர்றவன் நல்லா இருக்கிற பார்ட்டைக் கழட்டுவான்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

ஆயிரம் பொய்கள் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. "இல்லை மேடம். யோசிச்சுப் பார்த்துட்டேன். எனக்கும் தெரியலை."

அதன்பின் முக்கால் மணி நேரம் நூலகத்தில் படித்ததைப் பற்றி மட்டும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றேன். வெளியே வரும்போது பேராசிரியை சித்தியிடம், "காரணம் தெரிஞ்சதும் எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்க" என்றார்.

"கண்டிப்பா மேடம். அறிக்கையைப் பாதியில விட மாட்டேன்."

இடம் கிடைத்தது. அம்மா கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு, வரும் வழியில் தெருவில் பார்த்த எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். வாசல்வரை போன முதல் ஆள் தான்தான் என்று சித்தி இன்றும் திருத்துவாள். விண்ணப்பத்தைக் கொண்டு போனது அவள்தானே.

அந்த இடம் எனக்குக் கிடைத்ததா, அந்தத் தாளுக்குக் கிடைத்ததா என்று வகுப்பில் உட்கார்ந்து பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருமுறை சித்தியிடம் கேட்டும்விட்டேன். "உள்ள முக்கால் மணி நேரம் பதில் சொன்னது தாளா, நீயா?" என்றாள்.

பட்டமளிப்பு அன்று பேராசிரியை கூட்டத்தில் எங்களைத் தேடிப்பிடித்து வந்தார். "எனக்கு வர வேண்டிய வரி என்னம்மா ஆச்சு?"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் மேடம். இவ ஒத்துழைக்க மாட்டேங்கிறா."

போன மாதம் நானே சொன்னேன்: "சோம்பேறித்தனம்னு எழுதி அனுப்பிடேன் சித்தி, முடிஞ்சுது."

"சோம்பேறி எப்படிடி அடுத்த வருஷம் காலங்காத்தால அஞ்சு மணிக்கு எந்திரிச்சா? பொய் எழுதி மூட மாட்டேன், போ" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். பேராசிரியை வரும் ஆண்டு ஓய்வு பெறுகிறார். அந்த ஒரு வரி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.