தஞ்சோங் மாலிமுக்குச் சங்கு நேரத்தில்

1982, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரைக்கு வேன் கிளம்பியது. இது டவுன் நேரம். சங்கு நேரப்படி பதினொன்று. இதை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பயணத்துச் சண்டை முழுக்க இந்த அரை மணியைச் சுற்றித்தான்.

அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி அரசாங்கம் நாட்டுக் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளிவிட்டது. தானா ராத்தா டவுனில் பஸ், ஆஸ்பத்திரி, கடை எல்லாம் புது நேரத்துக்கு மாறிவிட்டன. மலைமேல் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மட்டும் வேலைக்கு அழைக்கும் சங்கு பழைய நேரத்துக்கே ஊதியது. இருட்டில் கொழுந்து எடுக்க முடியாது என்று தோட்டத்து மேனேஜர் துரை அதை மாற்றவில்லை. சங்கை நம்பிச் சமைத்து, சங்கை நம்பித் தூங்குகிற வீடுகளிலும் யாரும் கடிகாரத்தைத் தொடவில்லை. என் அக்கா லெட்சுமிக்கோ புது நேரம் என்றாலே ஆகாது. "பொழுது விடியறதுக்கு முன்னாடி மணி அடிச்சுட்டா விடிஞ்சிருமா?" என்பாள்.

போனது அக்காவின் ஒரே மகன் கணேசனைப் பார்க்க. தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பயிற்சியின் கடைசி நாள்களில் இருந்தான். கல்லூரி அணிக்கு அவன்தான் கோல்கீப்பர். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் பந்தாட்டம்தான், கடைக்காரர்கள்கூட பாதிக் கதவைச் சாத்திவிட்டுத் திடலுக்குப் போய்விடுவார்கள் என்று வரும்போதெல்லாம் அளப்பான். அவனுக்கு வேலை கடல் தாண்டிச் சரவாக்கில் கிடைத்திருந்தது. புதன்கிழமை விமானம். அதற்குள் மலைக்கு வர விடுப்பில்லை. ஆட்டம் முடிந்ததும் பரிசளிப்பு, விருந்து என்று அணியோடு பஸ்ஸில் ஏறிப் போய்விட வேண்டும். ஆக, அக்கா அவனைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், பேச முடியாது. கணவன் போன பிறகு தனியாகக் கொழுந்து எடுத்து அவனைப் படிக்க வைத்தவள். "பாத்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போதாது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் முதல் திட்டம் ஜோராக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் இறங்கி, பீடோரில் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கி, ஞாயிறு காலை மெதுவாகப் போவது. ஒரு வாரம் மழையடித்துக் கொழுந்து மளமளவென்று துளிர்த்ததில் அது கெட்டது. சனிக்கிழமை முழு வேலை என்று கங்காணி சொல்லிவிட்டார். நான் தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை செய்பவன். எனக்கும் விடிய விடிய வேலை. இரண்டு நாள் பயணம் ஒரே நாளாகச் சுருங்கியது.

வேன் முனியாண்டியுடையது. கியா பார்மிலிருந்து காய்கறி ஏற்றி இறக்குகிறவன். எண்ணெய்ச் செலவோடு வாடகை எண்பது வெள்ளி. திங்கள் விடியுமுன் முட்டைக்கோஸ் ஏற்ற வேண்டும், அதனால் ஏழு மணிக்குள் தஞ்சோங் மாலிமிலிருந்து கிளம்பிவிட வேண்டும் என்பது அவன் நிபந்தனை. அக்கா முன்னால், நான் நடுவில், தோட்டத்து ஆட்டக்காரப் பையன்கள் ஆறு பேர் பின்னால், காலிக் கூடைகளின் மேல். வேனுக்குள் இருந்த கோஸ் வாசனை அன்று என் சட்டையிலும் ஏறிக்கொண்டது.

சண்டை தோட்டத்து வாசலிலேயே தொடங்கியது. போன மாதம் வந்தபோது கணேசன் சொன்னது, "நாலு மணிக்கு ஆட்டம்." நான்கு என்றால் எந்த நான்கு?

"என் மவன் எங்கிட்ட சொன்னா அது சங்கு நேரந்தான். செவத்துக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டேதான் சொன்னான்" என்றாள் அக்கா.

"காலேஜ்காரன் நம்ம தோட்டத்துச் சங்குக்கா பந்து ஆடுவான்? டவுன் நேரந்தான்க்கா. ஊரோட ஒத்துப் போவணும். லேட்டாப் போனா பாதி ஆட்டம் போயிரும்."

"முனியாண்டி, நீ என்னப்பா சொல்ற?"

"எனக்கு ரெண்டு நேரமும் ஒண்ணுதான்க்கா. கோஸ் எந்த நேரத்துலயும் அழுகும் லா."

நான் ஆண்பிள்ளைக் குரலை உயர்த்தி வென்றேன். டவுன் நேரம் என்று முடிவாயிற்று. அக்கா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, மடியில் வைத்திருந்த தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தானா ராத்தாவிலிருந்து தாப்பா முப்பத்தேழு கட்டை. மைலை நாங்கள் கட்டை என்போம். அந்த முப்பத்தேழு கட்டையில் நேராக ஓடுகிற இடம் எதுவும் என் நினைவில் இல்லை. ரிங்லெட் தாண்டியதும் பின்னால் ஒரு பையன் வாந்தி எடுத்தான், அவனைப் பார்த்து இன்னொருவன். லாத்தா இஸ்கந்தர் அருவியில் இறங்கி முகம் கழுவ வேண்டும் என்று கெஞ்சினார்கள். நேரமில்லை என்று நான் விடவில்லை. சாலையோரத்தில் பூர்வகுடிப் பெண்கள் பெத்தாய் என்கிற காட்டு அவரைக்காய்க் கட்டுகளைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்தாள். அதற்கும் நிறுத்தவில்லை.

தாப்பாவில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அறைந்தது. மலைக்காரர்களுக்குக் கீழே வந்தால் முதலில் சுவெட்டரைக் கழற்றத்தான் தோன்றும். ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டதும் பையன்கள் ஒரே குரலில் வேனைத் தட்டினார்கள். ஆளுக்கு ஒரு தேநீர், நாற்பது காசு, நின்றபடி குடித்து ஏறச் சொன்னேன். "மாமாவுக்கு வேல கெடச்சா போலீஸ்லதான்" என்று ஒருவன் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

பிறகு பீடோர், சுங்கை, சிலிம் ரிவர். வழியெல்லாம் ரப்பரும் செம்பனையும். சுங்கையில் சாலையில் மாடுகள் படுத்திருந்தன, முனியாண்டி ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. என் கண் கைக்கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

தஞ்சோங் மாலிமில் நுழைந்தபோது டவுன் நேரம் மூன்றே முக்கால். வென்றுவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிறிய ஊர். ரயில் நிலையம், ஒரே வரிசையாகக் கடைகள், பாவ் என்கிற சீன ரொட்டி ஆவியில் வேகிற வாசனை. கடைகளின் கதவு முழுதாகத் திறந்திருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திடலில் ஆளே இல்லை. கோல் கம்பங்கள் மட்டும் நின்றன. ஓரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

"முடிஞ்சு போச்சா?" என்றாள் அக்கா. அவ்வளவுதான் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்தபோது வேனிலிருந்து குதித்து ஓடிவிடலாம்போல இருந்தது. தேதியை மாற்றினார்களா, ஆட்டம் காலையிலேயே நடந்ததா? பையன்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஒவ்வொன்றும் மற்றதைவிட மோசம்.

அப்போது விடுதிப் பக்கமிருந்து, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சிலிப்பருமாக ஒருவன் ஓடிவந்தான். கணேசன்.

"அம்மா! என்ன இவ்ளோ சீக்கிரம்? ஆட்டம் நாலரைக்குத்தானே!"

"நாலு மணின்னியேடா!" என்றேன்.

"மாமா, அம்மாகிட்டத்தானே சொன்னேன்? அம்மாவுக்கு டவுன் நேரம் சொன்னாப் புரியுமா? சங்கு நேரத்துக்கு மாத்தித்தான் சொன்னேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்து பையன்கள், "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு!" என்று ஒரே சத்தம். எனக்கு வெட்கமும் வந்தது, அதைவிடப் பெரிய மகிழ்ச்சியும் வந்தது. பேசவே முடியாது என்றிருந்த இடத்தில் அக்காவுக்கு முழுதாக அரை மணிக்கு மேல் கிடைத்துவிட்டது.

கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். தூக்குச்சட்டி திறந்தது. புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை. ஆட்டத்துக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று அவன் சொல்லிப் பார்த்தான். யாரிடம் சொல்கிறான்? "ஒரு வாய்" என்று தொடங்கிச் சட்டியின் அடி தெரிந்தது. முனியாண்டி பையன்களைப் பாவ் கடைக்கு ஓட்டிப்போனான். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். காதில் விழாமலிருக்கும் அளவுக்குத் தள்ளி உட்காரவில்லை.

"சரவாக்குல என்ன நேரம் இருக்கும்? இங்க காலைன்னா அங்க?"

"அங்க எப்பவும் டவுன் நேரந்தான்மா. அவங்களோட ஒண்ணா இருக்கணும்னுதான் இங்க அரை மணி தள்ளி வச்சாங்க. இப்ப ரெண்டு பக்கமும் ஒரே மணி."

"அப்ப நீ எந்திரிக்கறப்ப எனக்கு என்ன மணியோ…"

"ஒனக்கு மட்டும் அரை மணி பிந்தி" என்று சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை.

நாலரைக்கு ஆட்டம். கடைக்காரர்கள் மெய்யாகவே பாதிக் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள், அவன் அளந்தது பொய்யில்லை. முதல் பாதியிலேயே ஒரு பந்து கணேசனின் இடப்பக்கம் புகுந்தது. வழக்கமாகப் பாய்ந்து பிடிப்பவன், அன்று மூட்டை சாய்வதுபோல் சாய்ந்தான். "சோத்தால போச்சு லா!" என்று தோட்டத்துப் பையன்கள் தலையில் கை வைத்தார்கள். இரண்டாவதும் புகுந்தது. கல்லூரி அணி ஒரு கோல் திருப்பிப் போட்டும் இரண்டுக்கு ஒன்றில் தோற்றது.

"தோத்தா என்ன, சாப்புட்டான்ல" என்றாள் அக்கா.

பஸ்ஸில் ஏறுமுன் அவன் கையைத் தூக்கிக் காட்டினான். அவளும் தூக்கினாள், காலிச் சட்டியோடு. பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் அழுதாள். முனியாண்டி ஏழு மணி நிபந்தனையைப் பற்றி வாய் திறக்காமல், எஞ்சினைப் போடாமல் காத்திருந்தான். திரும்பும்போது சுங்கை மாடுகள் அதே இடத்தில் படுத்திருந்தன.

மறுநாள் காலை அக்காவை அழைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாமென்று அவள் வீட்டுக்குப் போனேன். சங்கு ஊதிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் அரை மணி கூடுதலாகக் காட்டியது. நாற்காலி இன்னும் அதன் கீழேயே கிடந்தது.

"என்னக்கா, கடிகாரம் முந்தி ஓடிருச்சா?"

"ஓடல. நாந்தான் தள்ளி வச்சேன்" என்றாள், தலைத்துண்டைக் கட்டிக்கொண்டே. "சங்கு வேலைக்கு ஊதட்டும். இது அவன் நேரம்."