மடுல்சீமையில் நான் அவிழ்த்த சிவப்புத் துணி

மரப்பலகையில் பறவைகளைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுப்பது என் பிழைப்பு. ஊவா மாகாணப் பறவைகள் பன்னிரண்டு செய்வதாக எல்லோரிடமும் வாயை விட்டிருந்தேன். பதினொன்று முடிந்துவிட்டது. கூட்டில் இருக்கும் கொண்டைக்குருவிக் குஞ்சுகள்தான் பாக்கி. போன பங்குனியில், கொழும்பில் என் பக்கத்துக் கடையில் வேலை செய்யும் பெண், "எங்க அக்கா கொழுந்தெடுக்கிற தோட்டத்துல கூடு இருக்காம், போறீங்களா?" என்று கேட்டாள். மறுநாளே பதுளைக்குப் போய் அறை எடுத்துவிட்டேன். குஞ்சுகள் நமக்காகக் காத்திருக்குமா என்ன?

பதுளையிலிருந்து மடுல்சீமை பஸ் காலை 5.45க்கு. பசறை வழியாகச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், கட்டணம் 210 ரூபாய். இடப்பக்கம் உட்காராதீர்கள், வளைவுகளில் பள்ளம் மட்டும்தான் தெரியும். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கூட்டிவர 1,800 ரூபாய் என்றார் டிரைவர் நசீர். பேரம் பேச வாயெடுத்தேன். முதல் கிலோமீட்டரிலேயே இடுப்பு கழன்றதால் மூடிக்கொண்டேன்.

எட்டரைக்கு அந்தப் பெண்ணின் அக்கா சரஸ்வதி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தருகே நின்றிருந்தார். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து வேலைக்குப் புறப்படும் அவசரம். மேட்டில் ஏற்றி, தேயிலை நிரைகளுக்கு நடுவே ஒரு செடியைக் காட்டினார். உள்ளே மூன்று குஞ்சுகள், வாயைப் பிளந்தபடி. "கைய மட்டும் வெச்சிராதீங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டார்.

அந்தச் செடியின் தலையில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு வெறும் கறுப்புத் திட்டாகத்தான் விழும், அதுவும் சரியாகக் கூட்டுக்கு மேலே. எனக்கு எரிச்சல். கூட்டைத் தொடாதே என்றுதானே சொன்னார்? துணியை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன். பென்சிலைச் சீவிச் சீவி ஒரு மணி நேரம் வரைந்தேன். தாய்க்குருவி தூரத்தில் கத்திக்கொண்டே இருந்தது. பாதிப் படத்தில் மூடுபனி இறங்கவே, தேநீர் குடிக்கக் கீழே கடைக்கு வந்தேன்.

முகம் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தபோது துணி மேசையில் விழுந்தது. நசீர் பார்த்தார்.

"இத எங்க எடுத்தீங்க மிஸ்?"

"கூடு இருந்த செடியில."

"ஐயய்யோ! இன்னைக்கு அந்த மலையில கவ்வாத்து. துணி கட்டியிருந்தாத்தான் கத்தி வெக்காம விட்டுட்டுப் போவாங்க!"

கவ்வாத்து என்றால் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவது. கூடு இருந்தது என் இடுப்பு உயரத்தில். பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினோம். பாதை முடிந்த இடத்திலிருந்து ஓடினேன். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். மேட்டின் கீழ்ப்பாதி மொட்டையாகக் கிடந்தது. ஐந்தாறு பேர் கத்தியோடு நிரை நிரையாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டுங்க! குருவிக்கூடு இருக்கு!" என்று கத்தினேன். நிறுத்தினார்கள். "எந்தச் செடிங்க?" என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. துணி இல்லாமல் எல்லாச் செடியும் ஒரே மாதிரிதான். ஒரு மணி நேரம் அதையே முறைத்துப் பார்த்தவள் நான்! நோட்டில் குஞ்சுகளின் அலகும் இறகும் இருந்தன, எத்தனையாவது நிரை என்று ஒரு கோடுகூட இல்லை. வெட்டிய கிளைகளைப் புரட்டிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சரஸ்வதிதான் தரையைப் பார்த்தார். "இந்தா கெடக்கு, நீங்க சீவிப் போட்டது." பென்சில் சீவல்! அதற்குப் பக்கத்தில் அந்தச் செடி. முந்தைய செடி வரைக்கும் வெட்டியாகிவிட்டது. மூன்று குஞ்சுகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரஸ்வதி என் கையிலிருந்த துணியை வாங்கிக் கட்டினார். "கூட்டத் தொடாதீங்கன்னு சொன்னேன். துணியத் தொடாதீங்கன்னுமா சொல்லணும்?" என்றார். கத்திக்காரர்கள் அந்தச் செடியைச் சுற்றி இன்னும் நான்கு செடிகளை விட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

நான் மெதுவாக நோட்டைத் திறந்தேன். பாதிப் படம்தானே ஆகியிருந்தது.

"நீங்க போனாத்தாங்க தாய் வரும்" என்றார் சரஸ்வதி.

நோட்டை மூடினேன். 11.50 பஸ்ஸைப் பிடித்தேன்.

போகிறவர்களுக்கு: பங்குனியில்கூட மழைச்சட்டை எடுத்துப் போங்கள், அட்டை கடிக்கும், உப்பு வேண்டும். பிற்பகல் பஸ்ஸை நம்பாதீர்கள். தோட்டத்தில் கட்டியது, நட்டது, வைத்தது எதைக் கண்டாலும் முதலில் கேளுங்கள். எனக்குப் பறவை தெரியும் என்ற திமிரோடுதான் போனேன். பன்னிரண்டாவது பலகையில் இன்னும் உளி வைக்கவில்லை.

பஸ் பசறையைத் தாண்டும்போது சரஸ்வதி போன் செய்தார். "வந்துருச்சு மிஸ். வாய் நெறயப் புழுவோட வந்துருச்சு." அடுத்த தடவை எப்போது வருவீர்கள் என்று கேட்பார் என நினைத்துக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.