ஜட்ஜி மகளுக்குச் செதுக்கிய சுத்தியல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை ஒருவர் தயவும் இல்லாமல் வளர்த்தவள். இளையவள் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஜட்ஜி ஆனபோது, மரவேலை செய்த என் கணவரின் உளியை எடுத்து, பலாக் கொம்பில் நானே ஒரு சுத்தியல் செதுக்கினேன். ஜட்ஜி மேசையில் தட்டுவதை சினிமாவில் பார்த்திருக்கிறேன். கைப்பிடி இரண்டு தடவை பிளந்ததில் பத்து நாள் ஆனது.

துணியில் பொதிந்து பஸ்ஸில் கொண்டுபோய், அவள் அறையில் நீட்டினேன். குமாஸ்தா சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

"அம்மா, நம்ம கோர்ட்டில சுத்தியலே கெடையாது. அது சினிமாவுல உள்ளதாக்கும்."

"அப்ப எனக்கு இஞ்சி சதைக்க ஆவும்" என்று திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"பிணங்காதம்மா. வீட்டுல எனக்க மேசையில வைக்கேன், தா." கையை நீட்டிக்கொண்டே வாசல்வரை வந்தாள். நான் கொடுக்கவில்லை.

போனில் கேட்டபோதும், "வேணும்னா நீயே வா" என்றேன். அவள் வருவதற்குள் காய்ச்சல் கண்டு நாலாம் நாள் போய்விட்டாள். சவப்பெட்டியில் அவள் கையில் சுத்தியலை வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை. ஒரு சிரிப்பை என்னால் பொறுக்க முடியாமல் போனதே.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவளுடைய மகள், நான் 'மக்களே' என்று கூப்பிடும் பேத்தி. மக்களே, ஒனக்க அம்ம கை நீட்டுன எடத்த ஒருக்கா வாசி.