வெறும் வயிற்று எடை

ஆட்டுக்காரம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அவள் புருஷனே ஊரெல்லாம் சொல்லித் திரிவார். பதினெட்டு வருடமாகக் கொட்டகையைக் கட்டிக் காப்பவள் அவள்தான். காலையில் காய்ந்த புல், அது பாதி தீர்ந்ததும் அளந்து வைக்கும் தீவனம். எடை போடுவது மட்டும் விடிந்ததும், ஆடு ஒரு வாய் தின்னும் முன்பு. இந்த வழக்கத்தை யார் மாற்றினாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மதியம் அவள் வீடு திரும்பியபோது, ஆட்டுக்கான சத்துமாவு விற்பவன் கிடாவைத் தராசிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். வாசலில் பத்து மூட்டை அடுக்கியிருந்தது.

"சாம்பிள் குடுத்துப் பத்தே நாள்தான்க்கா. அன்னிக்கு நீங்க போட்ட எடைக்கு மேல மூணு கிலோ" என்றான். புருஷன் கிடாவை விட வேகமாகத் தலையாட்டினார்.

"ஏங்க, இது புல்லு தின்னுச்சா?"

"வயிறு முட்ட. ஒரு வாளித் தண்ணியும் குடிச்சுது" என்றார் பெருமையாக.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய், ஒரு லிட்டர் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தம்பி, தராசுல ஏறு."

எழுபத்திரண்டு காட்டியது.

"இதைக் குடிச்சிட்டு மறுபடி ஏறு."

அவள் முகத்தைப் பார்த்து, அவன் மடமடவென்று குடித்துவிட்டு ஏறினான். எழுபத்துமூன்று.

"கிடாவாவது உன் மாவைத் தின்னுச்சு" என்றாள். "நீ எதைத் தின்னே?"