மாடியிலிருந்தும் கேட்டது

சென்ற முறை அரசாங்கம் எல்லாருடைய போனிலும் அவசர எச்சரிக்கையைச் சோதித்துப் பார்த்தபோது, லண்டன் வெம்பிளியில் எங்கள் வீட்டு டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. போன்கள் அலறியதும் மனைவி, “டெஸ்ட்டுதாங்க, ஏன் இப்படி வேர்க்குது?” என்றாள். நானோ சத்தங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுடையது, என்னுடையது. அவ்வளவுதான். நீங்கள் சிரிக்கலாம்.

வேலைக்கு வந்த புதிதில் ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய வீட்டில் அறை எடுத்திருந்தேன். ஈரச் சுவர் வாடையும் குணா அண்ணையின் மீன்குழம்பு வாடையும் என் சட்டையோடு ஆபீசுக்கும் வரும். குணா அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். மாடி அறையில் இருந்த ராசன் அண்ணையும் அந்த ஊர்தான், அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் பாரிசுக்கு, அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். காலையில் வீடு அமைதியாக இருந்தது. போய்விட்டார் என்று நினைத்தோம். குளியலறைக்குக் காத்திருக்க வேண்டாமே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

மறுநாள் மதியம் ஹாலில் நானும் குணா அண்ணையும் ஒரு பழைய நகைச்சுவைப் படம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். அன்றுதான் முதல் சோதனை. எங்கள் இரண்டு போன்களும் ஒன்றாக ஊளையிட்டன. பதறி அணைத்தோம். ஊளை நிற்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே இன்னொன்று. பிறகு அதுவும் ஓய்ந்தது. டிவியில் மட்டும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“போனை மறந்து வச்சிட்டுப் போயிட்டாரோ?” என்றேன்.

“டிக்கெட்டே போனிலதானே கிடக்கு, தம்பி.”

சொல்லிவிட்டு அவரும் உடனே எழவில்லை. பிறகு இருவரும் ஏறினோம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“அண்ணை, உள்ளுக்கை நிக்கிறீங்களோ?”

உள்ளே தரையை நகத்தால் சுரண்டுவது போல ஏதோ கேட்டது. குணா அண்ணை தோளால் இடித்துத் திறந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ராசன் அண்ணை கிடந்தார், ஒரு காலில் மட்டும் ஷூ. கண்கள் மட்டும் எங்களைப் பார்த்தன.

பக்கவாதம். ஆம்புலன்ஸ் வந்தது, பிழைத்தார். மாதங்கள் கழித்துப் பேச்சு திரும்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீங்கள் சிரிச்சதெல்லாம் எனக்குக் கேட்டது, தம்பி. கூப்பிடத்தான் ஏலாமக் கிடந்தது.”

குறையாகச் சொல்லவில்லை.

அவர் இப்போது அக்காவோடு பாரிசில். குணா அண்ணை கனடா போய்விட்டார். அண்மையில் ஒரு மாலை அந்தத் தெருவழியே போனேன். ஹாலையும் தடுத்து வாடகை அறையாக்கிவிட்டார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு சிறு நீல வெளிச்சம். அவரவர் படம், அவரவர் காதில். வெகுநேரம் நின்றேன். ஒரு சிரிப்புக்கூடக் கேட்கவில்லை.